காலில் ஒரு மச்சம்

இரவு பதினொன்றரை. மின்விசிறி ஒரே வேகத்தில் சுற்றுகிறது.

மடிக்கணினியின் வெளிச்சம் சுவரில் விழுந்து அசைகிறது. கறுப்பு வெள்ளை. தெலுங்கு எழுத்துகள் உருண்டு உருண்டு வருகின்றன, தலையில் ஆளுக்கொரு சிறு கீற்றோடு.

மிஸ்ஸம்மா. 1955.

அடுத்த அறையில் தூங்குகிறார்கள். ஒலியைக் குறைத்து வைக்கிறேன்.

*

மிஸ் என்றால் கல்யாணம் ஆகாதவள். அம்மா என்றால் அம்மா.

இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நடுவில் இடைவெளி இல்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றும் டீச்சரை மிஸ் என்றே கூப்பிடுகிறார்கள். பேத்தி எடுத்த டீச்சரையும். யாரும் திருத்துவதில்லை.

*

கதையை மனம் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறது.

மேரி கிறிஸ்தவப் பெண். வீட்டில் கடன். கடன் கொடுத்த டேவிட் பணத்துக்குப் பதில் அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறான். ராவ் இந்து. பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. அப்பாராவுபேட்டை என்கிற ஊரில் ஒரு ஜமீன்தார் பள்ளிக்கூடம் நடத்துகிறார். பாடம் சொல்லித்தரக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வேண்டும் என்கிறார்.

இருவரும் போகிறார்கள். கணவன் என்றும் மனைவி என்றும் சொல்லிக்கொண்டு.

ஜமீன்தாருக்கு மகாலட்சுமி என்று ஒரு மூத்த மகள். சின்ன வயதில் தொலைந்துபோனவள். காலில் ஒரு மச்சம்.

மேரிதான் மகாலட்சுமி.

அது அவளுக்கே தெரியாது.

*

பள்ளிக்கூடத்துக்கு அந்த மகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தன் பெயருக்குக் கீழே நடந்து, தினமும் உள்ளே போகிறாள். தினமும் வெளியே வருகிறாள்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கிறேன்.

*

விசிறிக் காற்று முழங்காலுக்குக் கீழே வரும்போது தனியாகத் தெரிகிறது.

*

அவன் பெயர் எம்.டி. ராவ்.

ஒரே மூச்சில் சொன்னால் முதலெழுத்து இரண்டும் சேர்ந்து எம்ப்டி ஆகின்றன. காலி.

என்.டி.ராமாராவ் இதில் சத்தமில்லாமல் வருகிறார். பின்னாளில் கிருஷ்ணனாக, ராமனாக நின்ற அந்த உயரமான உடம்பு இங்கே தோளைக் கொஞ்சம் தளர்த்தி, கையைக் கட்டி, அவள் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம். அந்த ஒரு கணம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

காலியான பாத்திரத்தில்தான் எதையும் ஊற்ற முடியும்.

*

கதவுக்கு வெளியே கணவன் மனைவி. கதவைச் சாத்தினால் இரண்டு அந்நியர்கள்.

ஜமீன்தாரின் மனைவி வரும் காலடிச் சத்தம். மேரியின் முகம் மாறுகிறது. கண்ணில் இருந்த எரிச்சல் அப்படியே உதட்டுக்கு இறங்கி, அங்கே சிரிப்பாகிறது. அரை நொடிகூட ஆகவில்லை. எரிச்சல் போகவும் இல்லை. சிரிப்புக்கு அடியில் இருக்கிறது, சாம்பலுக்கு அடியில் கங்கு இருப்பதைப் போல.

திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

இன்னொரு முறை.

சாவித்திரிக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது.

*

முதலில் இந்த இடத்தில் இருந்தவர் பானுமதி. மேரியாகச் சில ரீல்கள் நடித்தும் விட்டார். ஒருநாள் வரலட்சுமி நோன்பை முடித்துவிட்டுத் தாமதமாக வந்ததாகவும், தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகவும், பானுமதி மறுத்ததாகவும் சொல்வார்கள். எடுத்த பிலிமைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

தங்கை சீதாவாக நடிக்க வந்த சாவித்திரி மேரியானார். காலியான சீதாவின் இடத்துக்கு ஜமுனா வந்தார்.

ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர். அவர் எழுந்த இடத்தில் மற்றொருவர்.

பெஞ்சில் சூடு இன்னும் ஆறியிருக்காது.

*

எரிந்துபோன மேரி ஒருத்தி.

அவள் எப்படிக் கோபப்பட்டாள், எப்படித் தலையைத் திருப்பினாள். அந்த ரீல்களில் இருந்த வெளிச்சம் எங்கேயும் இல்லை. அதை நினைக்கும்போது மார்பில் ஒரு சின்ன கனம். வருத்தம் என்று பெயர் வைக்கத் தோன்றுகிறது. வைக்காமல் இருக்கிறேன்.

கனம் கொஞ்ச நேரம் இருக்கிறது. பிறகு இல்லை.

*

தெருவில் ஒரு ஆட்டோ. நாய் இரண்டு முறை குரைத்து விட்டுவிடுகிறது.

*

துப்பறியும் ராஜுவாக அக்கினேனி நாகேஸ்வரராவ். ஜமீன்தாரின் மருமகன் முறை. தொலைந்த மகாலட்சுமியைக் கண்டுபிடித்தே தீருவது என்று அலைகிறான். சந்தேகப்பட வேண்டாத இடத்திலெல்லாம் சந்தேகப்படுகிறான்.

1953இல் இதே நாகேஸ்வரராவ் தேவதாஸ். இதே சாவித்திரி பார்வதி. அவளைத் தொலைத்துவிட்டு, குடித்துக் குடித்துச் செத்துப்போனவன். அந்த முகம் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதை உதறுவதற்காகவே இந்தச் சிரிப்பு வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அவளைத் தேடி வந்திருக்கிறான்.

அவள் எதிரிலேயே நிற்கிறாள்.

*

மச்சம்.

என் வலது முழங்கையில் ஒன்று இருக்கிறது. கடுகளவு. இடது பாதத்தில், சுண்டுவிரலுக்கு மேலே இன்னொன்று. அது கடுகுக்கும் சிறிது.

பத்தாம் வகுப்பில் அங்க அடையாளம் எழுத ஒருநாள் ஒதுக்குவார்கள். வரிசையாக நிற்போம். மேஜை மேல் பெரிய பதிவேடு, பக்கத்தில் மைக்கூடு. ஆளுக்கு இரண்டு அடையாளம் வேண்டும். கையைக் காட்டு, கழுத்தைக் காட்டு. தழும்பு இருந்தாலும் சரி. எனக்கு ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, செருப்பைக் கழற்று என்றார். அதுவரை நானே பார்த்திராத ஒரு புள்ளியை அவர் விரல் தொட்டது.

இதோ இருக்கே.

எழுதினார். இடது பாதத்தில் ஒரு கறுப்பு மச்சம். மை காயும்வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

அந்த விரலின் குளிர்ச்சி இப்போது பாதத்தில் இருக்கிறது. இருப்பது போலத் தோன்றுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாதத்துக்குத் தெரியவில்லை.

*

மேரியும் டீச்சர்.

*

நிலாப் பாட்டு வருகிறது.

கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறேன்.

ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம். நேரில் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு பேரும் நிலாவிடம் முறையிடுகிறார்கள். அவன் அவளைப் பற்றி. அவள் அவனைப் பற்றி. நிலா ஒன்றுதான். இரண்டு புகாரையும் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறது.

மெட்டு எஸ்.ராஜேஸ்வரராவ். அவசரம் இல்லாத மெட்டு. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் சற்று இடம் விடுகிறது. அந்த இடத்தில் அறையின் சத்தம் கேட்கிறது. விசிறி. என் மூச்சு.

ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. இவரே பின்னால் மாயாபஜார், அதற்கும் பின்னால் செம்மீன். பார்ட்லியின் நிலா என்று சினிமாக்காரர்கள் தனியாகச் சொல்வதுண்டு. மரத்தின் இலைகளில் வெள்ளி. அவள் கன்னத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. மீதி முகம் நிழலில், ஆனால் நிழலுக்குள்ளும் கண் தெரிகிறது.

விளக்கு வைத்துச் செய்த நிலா. நன்றாகவே தெரிகிறது.

இருந்தும் அறை குளிர்கிறது.

*

பாடுவது பி.லீலா. சித்தூரில் பிறந்த மலையாளி. வாயசைப்பது குண்டூர்ப் பக்கத்துச் சாவித்திரி. கதையில் மேரி. மேரிக்குள் மகாலட்சுமி.

குரல் எந்த வாசல் வழியாக வெளியே வருகிறது.

*

ஏ.எம்.ராஜா தெலுங்கில் ராமாராவுக்குப் பாடுகிறார். தமிழில் அதே பாட்டை ஜெமினி கணேசனுக்குப் பாடுகிறார்.

ஒரே தொண்டை. ஒரே மிருது. இரண்டு முகம்.

கண்ணை மூடினால் முகம் போய்விடுகிறது.

*

தெலுங்குக்கும் தமிழுக்கும் சேர்த்தே எடுத்தார்கள். 1955 ஜனவரி 12 தெலுங்கு. 14 தமிழ், பொங்கலன்று. இரண்டையும் இயக்கியவர் எல்.வி.பிரசாத்.

ரங்காராவ் இரண்டிலும் தகப்பன். ஜமுனா இரண்டிலும் தங்கை. சாவித்திரி இரண்டிலும் மேரி. துப்பறிகிறவன் மட்டும் அங்கே நாகேஸ்வரராவ், இங்கே தங்கவேலு. டேவிட் அங்கே ரமணா ரெட்டி, இங்கே நம்பியார்.

ஒரே கோபத்தை அவள் இரண்டு முறை கோபப்படுகிறாள். ஒருமுறை ராமாராவைப் பார்த்து, தெலுங்கில். ஒருமுறை ஜெமினியைப் பார்த்து, தமிழில். ஒரே கண்ணீர் இரண்டு முறை.

இரண்டாவதாக வந்த கண்ணீரும் உப்பாகத்தான் இருந்திருக்கும்.

*

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் 1952இலேயே கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். ஊருக்குச் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து ஒரு சோப்பு விளம்பரத்தில் அவர் சாவித்திரி கணேஷ் என்று கையெழுத்துப் போட்டபோதுதான் வெளியே தெரிந்தது.

ஆக, அந்தத் தமிழ்ப் படத்தில்.

கணவன் மனைவியாக இருந்து அதை மறைத்தவர்கள், கணவன் மனைவி இல்லாமல் அப்படி இருப்பதாக நடிப்பவர்களாக நடிக்கிறார்கள்.

வாக்கியத்தை மெதுவாகத் திரும்பப் படிக்கிறேன். ஒரு அறைக்குள் இன்னொரு அறை. அதற்குள் இன்னொன்று. கடைசி அறையில் விளக்கு எரிகிறது. யாரும் இல்லை.

*

அதன் பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். நீண்ட மயக்கம். 1981 டிசம்பர் 26, சாவித்திரியின் மரணம்.

இங்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுகிறாள். சண்டைக்குத் தயார்.

கன்னம் இன்னும் குழந்தைக் கன்னம்.

*

தண்ணீர் குடிக்க எழுகிறேன். சொம்பின் விளிம்பு உதட்டில் சில்லென்று படுகிறது.

*

சக்கரபாணி என்பது புனைபெயர். வீட்டில் வைத்த பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். காசநோய்க்கு மதனப்பள்ளியில் சிகிச்சைக்கு இருந்தபோது வங்காள மொழி கற்றுக்கொண்டார். சரத் சந்திரரின் கதைகளைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தார். மிஸ்ஸம்மாவின் வேரும் வங்காளத்தில்தான் இருக்கிறது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய மான்மயீ கேர்ள்ஸ் ஸ்கூல் என்கிற நாடகம்.

நோயாளி படுக்கையில் இருந்தபடி இன்னொரு மொழியின் அகரவரிசையை எழுதிப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே மதனப்பள்ளி மலைகள். இருமல். மறுபடி எழுத்து.

அங்கிருந்து இந்தச் சிரிப்பு வருகிறது.

*

எல்.வி.பிரசாத்தின் முழுப்பெயர் அக்கினேனி லட்சுமி வர பிரசாத ராவ். பம்பாயில் வேலை செய்த காலத்தில் பெயர் நீளம் என்று யாரோ வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டியதே நிலைத்தது.

1957இல் இதையே இந்தியில் மிஸ் மேரி என்று எடுத்தார். மேரியாக மீனா குமாரி. பிறந்தபோது வைத்த பெயர் மஹ்ஜபீன். அதிலும் கணவனாக நடிப்பவர் ஜெமினி. அதிலும் தங்கை ஜமுனா.

ஜமுனா மூன்று மொழியிலும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

*

ஜமீன்தாரின் மனைவி மேரியைப் பார்க்கும் பார்வை. ருஷ்யேந்திரமணி. நெற்றியில் பெரிய பொட்டு, குரலில் ஒரு குழைவு.

மகள் மாதிரி இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறாள். மாதிரி என்கிற சொல் அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. சாப்பிட்டாயா என்கிறாள். உட்கார் என்கிறாள். பாசம் வந்துவிட்டது, காரணம் பின்னால் வரப்போகிறது.

மேரி நெளிகிறாள். இந்தப் பூவும் குங்குமமும் அவளுக்குப் பழக்கமில்லாதவை. ஏசுவே என்று சொல்லிப் பழகிய நாக்கு.

பழக்கமில்லாத வீட்டில் தொட்டில் ஆடிய உடம்பு.

நினைவில் இல்லாதது எங்கே இருக்கும். பதில் வருகிறதா என்று பார்க்கிறேன். ஒரு கொசு வருகிறது.

*

ராவ் சீதாவுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறான். மேரிக்குப் பொறுக்கவில்லை.

கணவன் என்று சொன்னது பொய். ஊருக்குத் தெரியாது, இருவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பாத்திரம் நங்கென்று வைக்கப்படுகிறது. நடை வேகமாகிறது. யாருக்காகவும் நடிக்காத நேரத்தில் அவள் மனைவி போல இருக்கிறாள்.

அதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.

அவன் கவனித்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

*

வடபழனி வழியாகப் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னலில் இருந்து அந்த இடத்தைப் பார்ப்பேன். வாகினி ஸ்டூடியோ இருந்த நிலம். இப்போது மருத்துவமனை, கண்ணாடி வைத்த பெரிய வணிக வளாகம். வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம் பீப் என்கிறது.

அப்பாராவுபேட்டை அங்கே இருந்தது. அந்தப் பள்ளிக்கூடம், அந்தக் கூரை, அந்த மரம், மரத்துக்குப் பின்னால் ஏணி மேல் ஒரு விளக்கு.

படத்தைச் சேர்ந்து தயாரித்த நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய குழந்தைப் பத்திரிகையின் பெயர் சந்தமாமா. தமிழில் அம்புலிமாமா. எங்கள் வீட்டுப் பரணில் பைண்டு செய்த ஒரு கட்டு இருந்தது. பக்கங்களில் கரப்பான் வாசனை, அதோடு கொஞ்சம் வேப்பிலை வாசனை.

நிலாவை அவர்கள் விடவே இல்லை.

*

மச்சத்தைக் கண்டுபிடிக்கும் இடம் நெருங்குகிறது.

சிரிப்பு கூடிக்கொண்டே போகிறது. கதவுகள் திறந்து மூடுகின்றன. ராஜு ஓடுகிறான். எல்லாரும் எல்லாரையும் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மனம் இந்த ஓட்டத்தில் இல்லை. மேரியை வளர்த்த இரண்டு பேரிடம் போய் நிற்கிறது.

கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை. யாருடையது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டவர்கள். ஒரு பெயர் வேண்டும். மேரி. பால் குடிக்க வைத்து, ஜெபம் சொல்லிக்கொடுத்து, கடன் வாங்கிப் படிக்க வைத்தவர்கள். குளிப்பாட்டும்போது அந்த மச்சத்தை எத்தனை முறை தேய்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது அடையாளம் இல்லை. குழந்தையின் கால். அவ்வளவுதான்.

பெற்றவர்களுக்கு மகள் கிடைக்கப்போகிறாள். படம் மகிழ்ச்சியாக முடியும். முடியட்டும்.

அந்த வளர்த்த தாய் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

தொண்டையில் ஏதோ அசைகிறது. விழுங்குகிறேன்.

*

படத்தை நிறுத்துகிறேன்.

உறைந்த சட்டகத்தில் மேரி. பாதி திரும்பிய முகம். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். உதடு பிரிந்திருக்கிறது, சொல் இன்னும் வரவில்லை. கன்னத்துப் பக்கம் பிலிமில் ஒரு கீறல், மயிரிழை போல மேலிருந்து கீழே. காதோரம் புள்ளி புள்ளியாக வெள்ளை. எழுபது வருஷத்துத் தூசி.

இந்த நொடியில் அவள் மேரியாகவே இருக்கிறாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

*

மணி ஒன்றே கால்.

விசிறி சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறிய கட், கட்.

*

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

*

என் பெயர் சான்றிதழில் ஒன்று. வீட்டில் ஒன்று. வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஒருவர்தான் மிச்சம். அம்மா.

அந்தப் பெயருக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் எனக்கே சொல்ல வராத ஏதோ ஒரு சொல்லின் உடைந்த துண்டு. அம்மா வாயில் அது முழுச்சொல்.

*

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம். தெருவிளக்கா நிலாவா என்று எழுந்துபோய்ப் பார்க்கலாம்.

போகவில்லை.

தரையில் நான்கு கோடுகளாக விழுந்திருக்கிறது. ஒரு கோடு என் இடது பாதத்தின் மேல் ஏறிப் போகிறது. சுண்டுவிரல். அதற்கு மேலே அந்தப் புள்ளி. இவ்வளவு மங்கலில் தெரியாது என்று நினைத்தேன். தெரிகிறது.

*

அடுத்த அறையில் இருமல். கட்டில் கிரீச்சிடுகிறது.

பிறகு அந்தப் பெயர். தூக்கக் குரலில், பாதி மட்டும்.

ம், என்கிறேன்.

தரை சில்லென்று இருக்கிறது.